ஒயினை ருசித்து எடைபோடுவது எப்படி? முதலில் இரண்டு கிளாஸ் எடுங்கள்

ஒரே ஒரு கிளாஸ் ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு "இது நல்ல ஒயினா?" என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடாது. நான் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு பாட்டிலாகத்தான் ருசித்துப் பார்த்தேன். அப்போதைய நோட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் "நன்றாக இருக்கிறது", "கொஞ்சம் புளிப்பு" என்றுதான் இருக்கும். எதைவிடப் புளிப்பு? அது நோட்டில் இல்லை. பக்கத்தில் இன்னொரு கிளாஸை வைத்த நாளில்தான் விஷயம் புரிய ஆரம்பித்தது.

அதனால் இங்கே சொல்லப்போவது முழுக்க ஒப்பிட்டு ருசிப்பது பற்றித்தான். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு அல்லது மூன்று பாட்டில்கள் போதும்.

படி 1: எதை எதோடு வைப்பது

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ஒயினின் சுவையைத் தீர்மானிப்பவை முக்கியமாக நான்கு: திராட்சை ரகம், விளைந்த இடம், அறுவடை ஆண்டு, தயாரித்தவர். நான்குமே வேறான இரண்டு பாட்டில்களை வைத்தால் வித்தியாசம் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றை முடிந்தவரை அப்படியே வையுங்கள்.

இடத்தின் குணத்தை அறிய ரைஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ரகம் நல்ல தொடக்கம். பெரும்பாலானவர்கள் இதைப் புது ஓக் பீப்பாயில் வைப்பதில்லை; ஆகவே பீப்பாய் வாசனை குறுக்கே வராது. ஜெர்மனியின் மோசலிலிருந்து ஒரு கபினெட் (லேபிளில் இப்படிப் போட்டிருக்கும் லேசான வகை), ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலிருந்து ஒன்று. மோசல் குளிர்ந்த இடம். ஸ்லேட் கல் நிறைந்த செங்குத்துச் சரிவுகள். அங்கிருந்து வரும் கபினெட்டில் ஆல்கஹால் பல சமயம் 8, 9 சதவீதம்தான். மெல்லிய இனிப்பும் அதை வெட்டும் புளிப்பும் சேர்ந்து வரும். கிளேர் ரைஸ்லிங் பொதுவாக இனிப்பில்லாமல், எலுமிச்சையைக் கடித்த மாதிரி நேராக வந்து இறங்கும். முதல் வாயிலேயே யாருக்கும் தெரிகிற வித்தியாசம் இது. சாவின்யோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை ரகம் வேண்டுமென்றால் பிரான்ஸின் சான்செரையும் நியூசிலாந்தின் மார்ல்பரோவையும் சேர்த்து வையுங்கள்.

சார்டனேயை முதல் நாளில் எடுக்காதீர்கள் என்பேன். அது தயாரிப்பவரின் கை சொன்னபடி வளையும் திராட்சை. ஷாப்லி, மெர்சோ இரண்டுமே பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துச் சார்டனேதான். ஆனால் ஷாப்லியில் எஃகுத் தொட்டி அதிகம், மெர்சோவில் ஓக் பீப்பாய் அதிகம். நீங்கள் ருசிப்பது மண்ணையா, பீப்பாயையா என்று குழம்பிப்போவீர்கள்.

தயாரிப்பாளரின் கையை அறிவது அடுத்த கட்டம். அதற்கு இடமும் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பர்கண்டியில் க்ளோ த வூஜோ என்ற திராட்சைத் தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். சுற்றி ஒரே மதில், உள்ளே ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். லேபிளில் எல்லோருக்கும் ஒரே கிராண்ட் க்ரூ (அங்கே தோட்டத்துக்குத் தரும் உச்சத் தகுதி) பெயர். உள்ளே இருக்கும் ஒயினில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தோட்டத்துக்குள் மேட்டு மண், பள்ள மண் என்ற வேறுபாடு உண்டு என்றாலும், லேபிளில் உள்ள ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துப் பாட்டில் எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்த ஜோடி இத்தாலியின் சிவப்பு ஒயினான பரோலோவில்தான். நெபியோலோ திராட்சையிலிருந்து வருவது. சந்தைக்கு வரும் முன் குறைந்தது 38 மாதம் பழக வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். 1980களில் அங்கே தலைமுறைச் சண்டையே நடந்தது. பழைய முறைக்காரர்கள் பெரிய பழைய பீப்பாய்களை விடவில்லை. பார்டோலோ மஸ்கரெல்லோ அவர்களில் முக்கியமானவர். புதியவர்கள் 225 லிட்டர் கொள்ளும் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்கு மாறினார்கள். எலியோ அல்டாரே தன் தந்தையின் பழைய பீப்பாய்களைச் செயின்சாவால் அறுத்தே போட்டார்! ஒரே அறுவடை ஆண்டில், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 2: மேசை

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கிளாஸ். வாய் குறுகி, வயிறு அகன்றது. கிளாஸுக்கு 50 மில்லி போதும், நிரப்பினால் சுழற்ற இடமிருக்காது. வெள்ளை ஒயினை ருசிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். மிகக் குளிர்ந்தால் மணம் ஒளிந்துகொள்ளும். சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். சென்ட் பூச வேண்டாம். துப்ப ஒரு பாத்திரம் கட்டாயம் வையுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆறு கிளாஸை விழுங்கிய பிறகு எழுதும் குறிப்பு எதற்கும் உதவாது.

அப்புறம், பாட்டில்களைக் காகிதப் பையில் மூடி எண் போடுங்கள். ஏன் என்பது கடைசியில்.

படி 3: கண்

இதில் அதிக நேரம் வேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். வயதாக ஆக வெள்ளை ஒயின் நிறம் ஏறும்; சிவப்பு வெளிறி, ஓரம் செங்கல் நிறமாகும். கிளாஸின் உட்சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்துச் சிலர் மெய்சிலிர்ப்பார்கள். அவை ஆல்கஹாலின் வேலை, தரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

படி 4: மூக்கு

இங்கே நிதானமாக இருங்கள். முதலில் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க்கிலிருந்து டிசிஏ என்ற வேதிப்பொருள் இறங்கியிருக்கிறது; லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், ஒயின் பாழ். வினிகரோ நகப்பூச்சு நீக்கியோ தூக்கலாக வந்தால் அதுவும் கோளாறுதான். இப்படிப்பட்ட பாட்டிலை வைத்துத் தயாரிப்பாளரை எடைபோடாதீர்கள், ஓரமாக வைத்துவிடுங்கள்.

சரி, இப்போது சுழற்றி முகருங்கள். "பழ வாசனை" என்று எழுதினால் பாதியில் நிற்கிறீர்கள். என்ன பழம்? எலுமிச்சையா, கொய்யாவா? காயா, பழுத்ததா, வற்றலா? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் 1980களில் உருவாக்கிய ஒயின் மணச் சக்கரம் இப்படித்தான் பொதுவிலிருந்து நுணுக்கத்துக்குப் போகிறது.

அடுத்த கேள்வி, இந்த மணம் எங்கிருந்து வந்தது? பழம், பூ, பச்சிலை பெரும்பாலும் திராட்சையிலிருந்து. வெண்ணெய் மணம் மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதித்தலிலிருந்து. வனிலா, சுட்ட ரொட்டி ஓக்கிலிருந்து. காளான், தோல், காய்ந்த இலை வயதிலிருந்து. இந்தப் பிரிப்பு கைவந்தால், எது தோட்டத்தின் பங்கு, எது தயாரிப்பவரின் பங்கு என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஒரு மணம் உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். சிரா என்ற சிவப்பு ரக ஒயினின் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற வேதிப்பொருள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது சோதித்த மிக அதிக அளவிலும் தெரியவில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டார்கள். மூக்கு சலித்துவிட்டால் உங்கள் புறங்கையை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள்.

படி 5: வாய்

ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கெங்கும் ஈறெங்கும் பரவவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சத்தம் வரும், பரவாயில்லை.

புதியவர்கள் அதிகம் குழம்புவது புளிப்பிலும் துவர்ப்பிலும். துப்பியபின் கவனியுங்கள்: வாயில் நீர் ஊறினால் புளிப்பு, ஈறு காய்ந்து உதடு ஒட்டிக்கொண்டால் துவர்ப்பு, அதாவது டானின். நமக்கு அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பு ஏற்கெனவே இருப்பதால் புது வார்த்தை தேட வேண்டியதில்லை. அளவோடு அதன் தன்மையையும் எழுதுங்கள்: பட்டுப்போல் இருக்கிறதா, மணல்போல் நெருடுகிறதா?

பழுத்த பழ மணம் வருவதாலேயே இனிப்பு என்று எழுதிவிடாதீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ருசித்தால் நாக்கில் இனிப்பு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். தொண்டையில் எழும் சூடு ஆல்கஹால். கடைசியாகப் பின்சுவை: துப்பிய பிறகு நல்ல சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள்.

படி 6: தீர்ப்பு

பிடித்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி, தரமானதா என்பது வேறு கேள்வி. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனி வரி விடுங்கள். தரத்துக்கு நான்கைப் பாருங்கள்: புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால் இவற்றில் ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா, பின்சுவை நீள்கிறதா, மணம் தெளிவாக எழுகிறதா, முகரும்தோறும் புதிதாக ஏதாவது வருகிறதா. நான்கில் முதலாவது தவறினால் மற்றவை காப்பாற்றுவது கடினம் என்பது என் கட்சி. 100க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதைத் தள்ளிப்போடுங்கள். "எண் 2, எண் 1ஐ விட நீளம், ஆனால் ஓக் அதிகம்" என்ற ஒரு வரி 91 என்ற எண்ணைவிட உதவும்.

எழுதி முடித்த பிறகே பையை அவிழ்க்க வேண்டும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து போர்தோவில் ஒயினியல் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள்; அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களால் அதை விவரித்தார்கள். நிறமே இப்படி ஏமாற்றினால், பெயர்பெற்ற லேபிள் என்ன செய்யாது? 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வணிகர் லேபிளை மறைத்து நடத்திய ருசிப்பில் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னிய ஒயின்களை முதலிடத்தில் வைத்தார்கள்: வெள்ளையில் ஷாட்டோ மான்டெலெனா, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப். லேபிள் தெரிந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மீதமிருப்பதை இறுக மூடி, சிவப்பையும் சேர்த்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அதே வரிசையில் மீண்டும் ருசியுங்கள். நேற்று இறுகிக் கிடந்த பரோலோ இன்று விரிந்திருக்கலாம்; நேற்று அசத்திய ஒயின் இன்று சப்பென்று இருக்கலாம். அதை நேற்றைய குறிப்புக்குக் கீழேயே வேறு நிற மையில் எழுதுங்கள், பழையதை அடிக்காமல்.