கட்டைவிரல் மூட்டு அறுவைக்குப் பின் கையைப் பழக்குவது எப்படி?

கை மூட்டுத் தேய்மானத்துக்காகச் செய்யப்படும் அறுவைகளில், கட்டைவிரலின் அடிமூட்டில் உள்ள ட்ரபீசியம் என்னும் சிறு எலும்பை எடுத்துவிடுவது மிகவும் வழக்கமானது. 1949-இல் கெர்விஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி எழுதிய பின் பரவிய முறை இது. அந்த இடத்தில் அதே கையின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒன்றைச் சுருட்டி வைக்கும் மருத்துவர்களும் உண்டு. எலும்பு இருந்த இடைவெளி வடுத்திசுவால் நிரம்பி உறுதிப்படப் பல வாரங்களும், முழுப் பயன் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும் ஆகும். கீழே உள்ள கால அளவுகள் பொதுவானவை. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முடக்குவாதத்துக்காக விரல் மூட்டை மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது.

படி 1: அறுவைக்கு முன்

மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தபின் அவை கழலா. வலக்கையில் அறுவை என்றால் இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட முன்பே பழகிக்கொள்வது நல்லது.

படி 2: முதல் இரண்டு வாரங்கள்

இந்த நாள்களில் உங்கள் வேலை வீக்கத்தை அடக்குவதுதான். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். கழுத்தில் மாட்டும் தூளியில் கையை வயிற்றோடு தொங்கவிடுவது உயர்த்துவது ஆகாது, நாள் முழுவதும் அப்படியே விட்டால் தோளும் முழங்கையும் சேர்ந்து இறுகிவிடும். படுக்கும்போது இரண்டு தலையணைகளின் மேல் கையை வையுங்கள். மாவுக்கட்டுக்கு வெளியே உள்ள நான்கு விரல்களையும் மணிக்கு ஒருமுறை முழுதாக மடக்கி, முழுதாக நீட்டுங்கள். அறுவை செய்யாத இந்த விரல்கள் இறுகிப்போவதுதான் பலருக்கு அறுவையை விடப் பெரிய தொல்லையாக முடிகிறது என்பதால், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, காய்ச்சலோடு கசிவு இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளுக்குள் பிரிப்பார்கள்.

படி 3: அசைவு

நான்கு முதல் ஆறு வாரங்களில் மாவுக்கட்டு போய், கழற்றி மாட்டக்கூடிய ஸ்பிளின்ட் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) வரும். பிசியோதெரபிஸ்ட் அனுமதித்தபின், கட்டைவிரல் நுனியால் முதலில் சுட்டுவிரல் நுனியைத் தொடுங்கள். அது எளிதானபின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று வரிசையாகப் போய், கடைசியில் சுண்டுவிரலின் அடியைத் தொட முயலுங்கள். தொடுவது மட்டும் போதும், அழுத்த வேண்டாம். எட்டாத இடத்துக்கு மற்றக் கையால் இழுத்துக் கொண்டுபோவது புதிதாக உறுதிப்பட்டுவரும் திசுவைத் தளர்த்திவிடும். தரையில் உட்கார்ந்து பழகியவர்கள் எழும்போது தம்மையறியாமல் உள்ளங்கையை ஊன்றுவார்கள். ஆகவே சில மாதங்களுக்கு நாற்காலியே உகந்தது.

படி 4: வடு

பொருக்கு உதிர்ந்து காயம் முழுவதும் மூடியபின், தேங்காய் எண்ணெய் தொட்டு வடுவின் மேல் வட்டமாக, ஓரளவு அழுத்தித் தேயுங்கள். ஒரு தடவைக்குச் சில நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. ஆறாத காயத்தில் மஞ்சளோ பச்சிலையோ வைக்காதீர்கள். வடுவின் வழியே செல்லும் மெல்லிய நரம்பால் கட்டைவிரலின் பின்புறம் சுரீரென்று கூசலாம். அப்படியானால் முதலில் பஞ்சு, பிறகு துணி, பிறகு ஒரு கிண்ணம் அரிசி என்று தொட்டுப் பழக்கினால் கூச்சம் குறையும்.

படி 5: வலு

வலுவுக்கான பயிற்சி எட்டாவது வாரத்துக்குப் பிறகே. அதிலும் முழுக்கைப் பிடி முதலில், விரல்நுனிப் பிடி பின்னால். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: விரல்நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ சுமை விழுகிறது. வெதுவெதுப்பான நீரில் ஸ்பாஞ்சைப் பிழிவது, மென்மையான மாவைப் பிசைவது ஆகியவற்றில் தொடங்குங்கள். கோலமாவு எடுத்து இழை விடுவது அழுத்தமே இல்லாத நுனிப் பிடி என்பதால், அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான். சாவி திருப்புவது, பாட்டில் மூடி திறப்பது, தேங்காய் துருவுவது ஆகியவை கடைசியில். மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். ஒரு பயிற்சியின் வலி மறுநாள் காலைவரை நீடித்தால், அடுத்த முறை அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியைப் பிழிய வேண்டியிருந்தால் குழாயில் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து நல்ல கையால் முறுக்கலாம்.