பழைய இங்கிலீஷ் செங்கல் மாளிகையோட வயச சுவர்லயே படிக்கிறது எப்படி

இங்கிலாந்து போறவங்க பழைய கன்ட்ரி ஹவுஸ் ஒண்ணு பார்த்தா முன்வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடுறாங்க. வீடு எந்தக் காலத்துதுன்னு தெரியணும்னா முகப்ப மட்டும் நம்பாதீங்க, கையில காசு சேர்ந்தப்பல்லாம் முதல்ல மாத்துனது அதத்தான். பக்கவாட்டுக்கு, முடிஞ்சா பின்பக்கத்துக்கு போங்க.

முதல்ல செங்கல்லு எப்படி அடுக்கியிருக்குன்னு பாருங்க. ஒரு வரிசை முழுக்க நீளப்பக்கம், அடுத்த வரிசை முழுக்க குறுக்குப்பக்கம்னா அது இங்கிலீஷ் பாண்டு, டியூடர் ராஜவம்சம் ஆண்ட காலத்துல (1485-1603) பெரும்பாலும் இதுதான். ஒரே வரிசையிலயே நீளம், குறுக்கு, நீளம், குறுக்குன்னு மாறி மாறி வந்தா ஃப்ளெமிஷ் பாண்டு (சிவில் டிப்ளமோ படிச்சவங்க இத வரைஞ்சு வரைஞ்சு நொந்திருப்பீங்க). 1631ல கட்டுன லண்டன் கியூ பேலஸ்ல இருக்கிறது இதோட ஆரம்பகால உதாரணங்கள்ல ஒண்ணு, அப்புறம்தான் பெரிய வீடுகள்ல எல்லாம் இது பரவுச்சு.

அடுத்தது டேப். ஒத்தைக் கல்ல அளக்காதீங்க, கையால அச்சுல போட்டதுங்கிறதால ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கலவையோட சேர்த்து நாலு வரிசைய அளங்க. டியூடர் கல்லு சுமார் ரெண்டு, ரெண்டேகால் இஞ்ச் தடிமன்தான். 1784ல செங்கலுக்கு வரி போட்டாங்க, அதுவும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு எண்ணிக்கை கணக்கு, உடனே சூளைக்காரங்க கல்லப் பெருசாக்கிட்டாங்க, அரசாங்கமும் சும்மா விடல, 1803ல பெரிய கல்லுக்கு டபுள் வரி! 1850லதான் அந்த வரியே ஒழிஞ்சது.

சிவப்புச் சுவர்ல கருநீலத்துல டைமண்ட் டிசைன் தெரிஞ்சா அது பெயிண்ட் இல்ல. சூளையில நெருப்புக்குப் பக்கத்துல இருந்து அதிகமா வெந்து முனை கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆன கல்லத் தனியா எடுத்து வச்சு கட்டுனது. டியூடர்காரங்களுக்கு இதுல தனி மோகம்.

ஜன்னல் கொஞ்சம் ஏமாத்தும். மேல கீழ தள்ளுற சேஷ் ஜன்னல் 17ஆம் நூற்றாண்டு கடைசியிலதான் வந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் பழைய வீட்டுலயும் பாறைக்கல்லுல செஞ்ச ஜன்னல் சட்டத்தப் பேத்துட்டு இத மாட்டியிருக்காங்க. எங்கயாவது கல்லோட முகம் செதில் செதிலா உதிர்ந்து நடுவுல சாம்பல் கலர் ஜாயிண்ட் மட்டும் துருத்திக்கிட்டு நின்னா, யாரோ சுண்ணாம்புக்குப் பதிலா சிமென்ட் வச்சு பூசிட்டாங்கன்னு அர்த்தம். ஈரம் ஜாயிண்ட் வழியா வெளிய வர முடியாம கல்லுக்குள்ளயே நின்னு, குளிர்ல உறைஞ்சு உடைக்குது.

இவ்வளவு பார்த்தாலும் லண்டனுக்கு வடக்க இருக்கிற ஹாட்ஃபீல்ட் ஹவுஸ்ங்கிற மாளிகையில கொஞ்சம் ஜாக்கிரதை. 1611ல ராஜாவோட முக்கிய மந்திரி ராபர்ட் செசில் கட்டி முடிச்ச வீடு, ஆனா அங்க இருந்த பழைய அரண்மனையோட மூணு பக்கத்த இடிச்சு அந்தக் கல்லயும் இதுக்குத்தான் போட்டாரு, அதனால கல்லு வீட்ட விட நூறு வருஷம் மூத்ததா இருக்கலாம். இடிக்காம விட்ட நாலாவது பக்கம் இன்னும் பக்கத்துலயே நிக்குது, முதல்ல அத அளந்துட்டு அப்புறம் பெரிய வீட்டுக்கு வாங்க.