வீட்டுக்கு வெளியே கேமரா: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் பல வீடுகளில் கேமரா மொட்டை மாடிச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கும். தெரு முழுக்கத் தெரிகிறதே என்று வீட்டுக்காரருக்குத் திருப்தி. பைக் காணாமல் போன அன்று பதிவை ஓட்டினால் ஒரு உச்சந்தலை வந்து போகும், முகம் இருக்காது. எந்த இடத்தில் வருபவரின் முகம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யாமல் வாங்கியதே இதற்குக் காரணம். கேமரா எட்டிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தால் போதும்.

கடையில் எல்லோரும் மெகாபிக்சலைத்தான் கேட்கிறார்கள். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். ஆக, கேமரா பார்க்கும் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டினால் முகம் கரைந்துவிடும். பரவலாக விற்கும் 2.8 மி.மீ. லென்ஸ் அகலமாகப் பார்க்கும் என்பதால், சுமார் மூன்று மீட்டரிலேயே இந்த எல்லை வந்துவிடுகிறது. 6 மி.மீ. லென்ஸில் ஏழு மீட்டர் வரை தாங்கும். 30-க்கு 40 அடி சைட்டில் கேட் பத்தடிக்குள் இருந்தால் 2.8 சரி. எதிர்ப்புறம் நிறுத்தும் காருக்குத் தனியாக ஒரு 6 மி.மீ. மாட்டுங்கள். ஒரே கேமராவில் தெரு, கேட், முகம் மூன்றும் கிடைக்காது.

பகலில் காட்டும் டெமோவை நம்பி வாங்காதீர்கள். இரவுப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். சன்ஷேடுக்கு அடியில் ஒட்டி மாட்டினால், இருட்டில் பார்க்க கேமரா வீசும் இன்ஃப்ராரெட் ஒளி பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும். கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தின் பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ள, தெரு இருண்டுபோகும். கேமரா பக்கம் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், அது கேமரா முன் அசைய இரவெல்லாம் போனில் அலர்ட் அடிக்கும். அடிக்கடி துடைப்பதைத் தவிர வழியில்லை. வண்டி எண் இரவில் தெரியும் என்றும் எண்ணாதீர்கள்: நம்பர் பிளேட் இன்ஃப்ராரெட் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பி வெள்ளைத் தகடாகிவிடும்.

தூசி, தண்ணீர் புகாத காப்பைச் சொல்லும் ஐபி66, ஐபி67 என்ற எண்கள் கேமராவின் உடலுக்கு மட்டும்தான். வெளியே தொங்கும் வயர் இணைப்புக்கு அந்தக் காப்பு கிடையாது. அதை ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெங்களூரின் மே மாத இடிமழையில் தண்ணீர் இறங்கிவிடும்.

கரன்ட் போனால்? கேமராவையும், பதிவைச் சேமிக்கும் ரெக்கார்டரையும் யுபிஎஸ்ஸில் போட்டவர்கள் ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். பதிவு ஓடும், ஆனால் அலர்ட் வராது. ஹார்ட் டிஸ்கிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் விடாமல் பதிவு செய்யும் கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜிபி எடுக்கும். நான்கு கேமரா இருந்தால் 1 டிபி பதினோரு நாளில் நிரம்பி, பழைய பதிவு அழியத் தொடங்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்புகிறவருக்கு அது போதாது. ரெக்கார்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம்; திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிப் போவான்.

கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களைக் கைப்பற்றியது, யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாத கேமராவுக்கு அப்டேட் வருமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ரெக்கார்டரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திருட்டு நடந்தால் போலீஸ் கேட்பது நேரத்தோடு கூடிய பதிவை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, அதன் நகலைச் சாட்சியமாகக் காட்டச் சான்றிதழும் தேவை. எதிர்வீட்டு ஜன்னல் கேமராவின் காட்சிக்குள் விழுந்தால், செட்டிங்ஸில் உள்ள பிரைவசி மாஸ்க்கால் அந்த இடத்தை மறைத்துவிட்டு, மறைத்ததை அந்த வீட்டாருக்கும் போனில் காட்டிவிடுங்கள்.