ஷ்வேஷ்வே துணியில் தபால் அட்டை

டர்பனில் துணிக்கடைக்குள் நுழைந்தால் என் கை முதலில் ஷ்வேஷ்வே துணியைத்தான் தேடும். அடர்நீலத்தில் பொடிப்பொடியாக வெள்ளை வேலைப்பாடு அச்சிட்ட பருத்தி அது; பழுப்பிலும் சிவப்பிலும்கூடக் கிடைக்கும். பின்பக்கம் மூன்று பூனை முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவேன். முன்பு இங்கிலாந்தில் அச்சான துணி. 1992-ல் அதன் உரிமையையும் செம்பு உருளைகளையும் நம் தென்னாப்பிரிக்காவின் ட காமா துணி ஆலை வாங்கிக்கொண்டது.

புதுத் துணி கஞ்சி விறைப்போடு வரும். சட்டை, பாவாடைக்கென்றால் அலசிவிட்டுத் தைக்க வேண்டும். இங்கே நாம் துணியில் தைக்கப்போகும் தபால் அட்டைக்கு அலசவே அலசாதீர்கள், அந்த விறைப்புதான் நமக்கு வேண்டியது.

அட்டையின் அளவு 10 செ.மீ.க்கு 15 செ.மீ. மேல்துணியையும் மெல்லிய பஞ்சு ஷீட்டையும் 12க்கு 17 ஆக வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கோடு கோடாகத் தைக்கும்போது துணி உள்ளே இழுக்கும். தைத்து முடித்த பிறகே சரியான அளவுக்கு நறுக்க வேண்டும். துண்டுத்துணிகளை எப்படி இணைப்பது என்பது உங்கள் விருப்பம். பழைய பருத்திச் சேலையின் கரை ஷ்வேஷ்வேயோடு அழகாகச் சேரும். ஜரிகை மட்டும் வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் சுருண்டுவிடும். தைப்பூசக் காவடி நேரத்தில் ஜோகன்னஸ்பர்க் தோழிக்கு நான் மயிலிறகு வைத்துத் தைப்பேன்: பச்சை வட்டம், அதற்குள் நீலக் கண்.

பின்பக்கத்துக்கு வெள்ளைப் பருத்தி. அதை ஒட்டுவதற்கு முன்பே விலாசத்தையும் சேதியையும் எழுதிவிடுங்கள். எழுத்து பிசகினால் அந்தத் துணியை மட்டும் மாற்றினால் போதும். அழியாத மை பேனாதான் சரி, ஜெல் பேனா மை பரவும். பிறகு இரண்டுக்கும் நடுவே கெட்டி பக்ரம் (விறைப்புக்கு உள்ளே வைக்கும் துணி) வைத்து, சூட்டில் உருகி ஒட்டும் ஒட்டுவலையால் இஸ்திரி போட்டு ஒட்டுங்கள். நீராவி வேண்டாம், நீலம் வெள்ளையில் இறங்கும்.

அட்டை அழகாக அமைவது ஓரத்தில்தான். அவசரப்படாதீர்கள். 90ஆம் நம்பர் ஊசி போட்டு, ஜிக்ஜாக் அகலத்தை 4 மி.மீ. வையுங்கள். ஊசி வலப்பக்கம் போகும்போது துணியைத் தாண்டி வெளியே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் சுற்று தளர்வாக, இரண்டாவது நெருக்கமாக. மூலை வந்ததும் ஊசியை வெளிப்புறத்தில் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, அட்டையைத் திருப்புங்கள். மெஷின் இல்லையா? கையால் காஜா தையல் போடுங்கள். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

மணி, பொத்தான், சம்கி எதுவும் வேண்டாம். தபால் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கும். கவுன்டரில் எடை போட்டுத் தபால்தலை வாங்குங்கள். துணியில் அதன் பசை நிற்காது, நான்கு ஓரமும் பசைக்குச்சி தடவி ஒட்டுங்கள். மழைக்காலம் என்றால் நான் உறையில் போட்டுத்தான் அனுப்புவேன், ஷ்வேஷ்வே நனைந்தால் சாயம் விடும். அப்போது உறையின் மேலும் விலாசம் வேண்டும்.