தேவனை அறிந்தவர் திங்கட்கிழமையில் வாழும் விதம்

தேவனை அறிதல் என்பது அவரைப் பற்றிய செய்திகளைச் சேர்த்துவைப்பதன்று. எபிரேய வேதத்தில் இதற்கு வரும் ‘யாதா’ என்னும் சொல், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அறியும் நெருக்கத்தையும் குறிக்கிறது. ஆகவே, காலையில் கைப்பேசியைத் தொடுமுன் வேதத்தின் சங்கீத நூலிலிருந்து ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, அதில் தேவனுடைய குணம் ஒன்றைக் கண்டறிந்து, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்துபோய் ரயிலேறும் வரையில் அதையே மனத்தில் அசைபோடுங்கள்.

அடுத்து, வேதத்திலுள்ள எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் 22-ஆம் அதிகாரத்தின் 13 முதல் 16 வரையுள்ள வசனங்களை நிதானமாகப் படியுங்கள். கூலி கொடாமல் வேலை வாங்கித் தனக்கு மாளிகை கட்டிக்கொண்ட யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீமுக்கு, அவனுடைய தகப்பன் யோசியா எளியவர்களின் நியாயத்தை விசாரித்ததை நினைவூட்டி, அதுவல்லவோ என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் கேட்கிறார். என்னை மிகவும் உலுக்கிய பகுதி இது. உங்கள் வீட்டில் பணிசெய்யும் இந்தோனேசியப் பெண்ணுக்குச் சம்பளம் உரிய நாளில் கிடைக்கிறதா, அவருக்கு ஓய்வுநாள் உண்டா, உணவகத்தில் மேசை துடைக்கும் வங்காளதேச இளைஞரிடம் எந்தக் குரலில் பேசுகிறீர்கள் என்று சோதித்துப் பார்த்து, குறை இருந்தால் அன்றே சரிசெய்யுங்கள். ஆலயத்தில் உரத்துப் பாடுவதைவிட இது கடினமானது என்பதை அறிந்தே சொல்கிறேன்.

இரவில் கோபமோ பயமோ மிஞ்சியிருந்தால், அதை மறைக்காமல் அப்படியே அவரிடம் சொல்லிவிட்டு உறங்குங்கள்.