முகப்புக் கூரையின் அடிப்பக்கப் பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலோ திண்ணையிலோ நின்று அண்ணாந்தால் தேக்குப் பலகை தெரியும், அல்லது மெட்ராஸ் டெரஸின் (மரச் சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் கட்டிய பழைய தளம்) சுண்ணாம்புப் பூச்சு தெரியும். மழை நேரே படாத இடம்தானே என்று உள்ளறைக்கு வாங்கியதையே இங்கும் அடித்துவிடுகிறார்கள். முகப்புக் கூரைக்கு ஈரம் மேலிருந்து வருகிறது: நகர்ந்த ஓட்டின் வழியாக, விரிசல் விட்ட தளத்தின் வழியாக. கீழே காற்றுப் புகாத படலம் போட்டால் இறங்கிய நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். கொப்புளம், கறுப்புத் திட்டு, உளுத்த சட்டம் எல்லாம் அதன் விளைவுதான். ஆகவே ஒழுக்கை அடைக்காமல் பூச்சுக்கு டப்பா வாங்க வேண்டாம்.

சுண்ணாம்புப் பூச்சில் நடக்கும் பெரிய தவறு, பட்டி பார்த்து அக்ரிலிக் எமல்ஷன் அடிப்பது. முதல் வருஷம் வழவழவென்று அழகாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பட்டியோடு சேர்ந்து தகடு தகடாக விழும். பல சமயம் அடியிலுள்ள பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். அங்கே சுண்ணாம்பு அடிப்பதுதான் சரி. நன்றாக நீற்றி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். பரப்பை லேசாக நனைத்துவிட்டு மூன்று மெல்லிய கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. கெட்டியாக ஒரே கையில் முடிக்கப் பார்த்தால் காய்ந்ததும் பொடியாக உதிர்ந்து தலையில் விழும்.

கூரையில் இன்னும் ஈரம் இருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால், ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிக் கூரையில் பதித்து 24 மணி நேரம் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்தால் அங்கே எதையும் பூசக் கூடாது.

மரத்துக்கு வருவோம். மெலமைன் என்ற மரப் பாலிஷ் வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமானுக்கானது. முகப்பில் வெயிலும் பனியும் மாறி மாறிப் படும்போது மரம் விரிந்து சுருங்கும். விறைப்பான அந்தப் படலம் கூடவே நெளியாமல் மயிரிழையாக வெடிக்கும். அரக்கு பாலிஷ் ஈரம் பட்டால் வெளுத்துப்போகும். மேற்பக்கம் முழுக்க மூடிய புதிய பலகை வேலை என்றால் வெளிப்புற பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) நல்ல தேர்வு. ஒழுகிய வரலாறு உள்ள பழைய பர்மா தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சே எங்கள் தேர்வு. பி.யூ. கெட்டால் முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெய் மங்கினால் துடைத்துவிட்டு இன்னொரு கை போட்டால் போதும்.

எதைப் போட்டாலும் தேக்கின் சொந்த எண்ணெய் குறுக்கே நிற்கும். 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் நாரோட்டத்தின் போக்கில் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே முதல் கையைப் போட வேண்டும். மறுநாள் வரை விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்து பூச்சு பிடிக்காது. சட்டங்களின் வெட்டுமுனைகளை மறந்துவிடுகிறார்கள். தண்ணீரை அதிகம் குடிப்பது அவைதான். அங்கே கூடுதலாக இரண்டு கை கொடுங்கள். புதுப் பலகையானால் ஆணி அடிக்கும் முன்பே மேற்பக்கத்துக்கும் ஒரு கை பூசுங்கள். கீழே மட்டும் பூசிய பலகை ஒரு பக்கமாக ஈரம் குடித்து வளையும்.

பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூளில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேயுங்கள், தூசி வடிகட்டும் முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பளபளப்பு வேண்டாம், லேசான மினுமினுப்புள்ள சாட்டின் போதும். தரையில் பட்டு எதிரொளிக்கும் காலை வெயிலில் பளபளப்புப் பூச்சு ஒவ்வொரு பிரஷ் தடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

வேலை தொடங்கும் முன் தரை முழுக்கத் தார்ப்பாய் விரியுங்கள். இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, எண்ணெயை உறிஞ்சும். சொட்டிய கறை லேசில் போகாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது: அந்த எண்ணெய் காயும்போது சூடேறும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பற்றும். ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் போடுங்கள்.