சூடோவர்ஸ் ஃபைலில கை வைக்க முன்னம் இதை வாசியுங்கோ

இங்க திருகோணமலைல பைன்போன் எண்ட லினக்ஸ் போன் வச்சிருக்கிற ஆக்கள் கொஞ்சப்பேர்தான், கூடுதலா வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து குடுத்தது, அதில மோபியன் (போனுக்கான டெபியன் லினக்ஸ்) போட்டு பழகுற பெடியள். எல்லாரும் ஒரே இடத்திலதான் விழுறாங்கள். கமாண்டை பிழையா டைப் பண்றது, பாஸ்வேர்ட் மறக்கிறது எல்லாம் போகப்போகத் திருந்தும், அதுகளை விடுவம். சூடோ எண்டது ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தில வேலை செய்ய விடுற கமாண்ட், அதை ஆர் பாவிக்கலாம் எண்டு சொல்லுற ஃபைல்தான் சூடோவர்ஸ். அதில விடுற பிழை அப்பிடியில்ல, பிழையைத் திருத்துற வழியையும் சேத்து அடைச்சுப்போடும்.

777 குடுக்கிறது

இதைப் பாத்தா எனக்கு இப்பவும் கோவம் வரும். ஃபைலை சும்மா நானோ எண்ட எடிட்டரில திறப்பாங்கள், சேவ் பண்ணேக்க அனுமதி இல்ல எண்டு வரும், உடன சூடோ போட்டு சிஎச்மோட் 777 (ஆரும் வாசிக்கலாம், எழுதலாம் எண்ட அனுமதி) அடிப்பாங்கள், இப்ப சேவ் ஆகிடும், எல்லாம் சரி எண்டு நினைப்பாங்கள். அடுத்த கமாண்டிலயே சூடோ மறுத்திடும், ஏனெண்டா ஆரும் எழுதக்கூடிய ஒரு ஃபைலை நம்பி அது ரூட் அதிகாரம் குடுக்காது, குடுக்கவும் கூடாது. திருப்பி 0440 (சொந்தக்காரனும் குழுவும் வாசிக்க மட்டும்) ஆக்குவம் எண்டா அதுக்கும் சூடோ வேணும்.

உப்புவெளித் தம்பி ஒராள் இப்பிடி மாட்டுப்பட்டு டவுனில ஒரு கடைக்குக் கொண்டுபோக, அவங்கள் முழுசா அழிச்சு திருப்பி இன்ஸ்டோல் பண்ணிக் குடுத்திட்டாங்கள். அவன்ட அம்மம்மாட கடைசிப் படங்கள் அதுக்குள்ளதான் இருந்தது. ஒண்டையும் அழிக்காமத் திருத்தியிருக்கலாம்!

எப்பிடியெண்டா, போனில பிகேஎக்ஸெக் (ரூட் அதிகாரம் குடுக்கிற வேற கமாண்ட்) இருந்தா முதல் அதால சிஎச்மோட் 0440 குடுத்துப் பாருங்கோ, அது சூடோவர்ஸைப் பாக்காது, பாஸ்வேர்ட் கேட்டு வேலையை முடிச்சிடும். அது சரிவராட்டி எஸ்டி காட்தான். பைன்போன் உள்மெமரிக்கு முன்னம் எஸ்டி காட்டில இருந்துதான் பூட் ஆகும், அதால ஜம்ப்டிரைவ் எண்ட சின்ன சிஸ்டத்திட இமேஜை ஒரு காட்டில எழுதி, அதைப் போனில போட்டு ஓன் பண்ணி, யூஎஸ்பி வயரால லினக்ஸ் லப்டொப்பில செருகினா போன்ட உள்மெமரி ஒரு டிரைவ் மாதிரி வந்து நிக்கும். என்கிரிப்ட் பண்ணியிருந்தா முதல் அந்தப் பாஸ்வேர்டைக் குடுத்துத் திறக்கவேணும். அதை லப்டொப்பில எம்என்டி ஃபோல்டரில மவுண்ட் பண்ணி, ஃபைலிட சொந்தக்காரனை ரூட் ஆக்கி, 0440 குடுங்கோ. எண்டர் அடிக்க முன்னம் பாதையை ஒருக்கா வடிவாப் பாருங்கோ, முன்னால எம்என்டி இல்லாட்டி நீங்க தொடுறது லப்டொப்பிட ஃபைலை. அன்மவுண்ட் பண்ணாம வயரைக் கழட்டவேண்டாம்.

விசூடோ கேக்கிற கேள்வி

விசூடோ எண்டது சூடோவர்ஸை எடிட் பண்றதுக்கெண்டே இருக்கிற கமாண்ட். அது ஒரு தற்காலிகக் கொப்பியிலதான் எழுத விடும், பிழை இருந்தா நிப்பாட்டி இப்ப என்ன செய்ய எண்டு கேக்கும். அதில சின்ன ஈ எண்டா திரும்ப எடிட் பண்றது, சின்ன எக்ஸ் எண்டா சேவ் பண்ணாம வெளிய வாறது. பெரிய க்யூ எண்டா பிழையோடயே சேவ் பண்ணிட்டு வெளிய வாறது, பக்கத்தில ஆபத்து எண்டும் போட்டிருக்கும், ஆனா பெடியள் க்யூ எண்டா சும்மா வெளிய வாறதாக்கும் எண்டு அமத்துறாங்கள். எக்ஸை அமத்துங்கோ.

ஃபைல் பேரில புள்ளி

சூடோவர்ஸோட சேத்து வாசிக்கிற சூடோவர்ஸ் டாட் டி ஃபோல்டருக்குள்ள வைக்கிற ஃபைலிட பேரில புள்ளி இருந்தா சூடோ அதை வாசிக்காது, ஒரு எரரும் காட்டாது.

எல்லாத்துக்கும் நோபாஸ்வேர்ட்

சின்னக் கீபோர்டில பாஸ்வேர்ட் அடிக்கிறது கரைச்சல்தான், அதுக்காக பாஸ்வேர்ட் கேக்காம விடுற NOPASSWD வரியில ஓல் (எல்லாக் கமாண்டும்) எண்டு போடாதேங்கோ. பஸ்ஸில களவு போகக்கூடிய சாமான் இது. வேணுமெண்டா ஒரு கமாண்டுக்கு மட்டும், முழுப் பாதையோட குடுங்கோ, அதுவும் உங்கட ஹோம் ஃபோல்டருக்குள்ள கிடக்கிற ஸ்கிரிப்டா இருக்கக்கூடாது, அதை ஆரும் மாத்தினா முழு அதிகாரமும் போயிடும். ரெண்டு வரி பொருந்தினா கடைசி வரிதான் செல்லும், அதால அந்த வரியைக் கீழ போடுங்கோ.

போன் தூங்கிறது

லப்டொப்பில இருந்து எஸ்எஸ்எச்சால (நெட்வேர்க் வழியா) போனில ரூட் ஷெல், அதாவது ரூட்டாக் கமாண்ட் அடிக்கிற டெர்மினல், ஒண்டைத் திறந்து வச்சிட்டுத்தான் எடிட் பண்ணவேணும், சூடோ மறுத்தாலும் ஏற்கெனவே திறந்த அந்த ஷெல் வேலை செய்யும். ஆனா கொஞ்ச நேரம் சும்மா கிடந்தா போன் சஸ்பெண்ட் ஆகி கனெக்ஷன் அறுந்திடும், அதோட அந்த ஷெல்லும் போச்சு. சார்ஜரைப் போட்டு, ஓட்டோ சஸ்பெண்டை நிப்பாட்டிட்டுத் தொடங்குங்கோ. எடிட் முடிஞ்சா வேற டெர்மினலில சூடோ -k போட்டு பழைய பாஸ்வேர்ட் ஞாபகத்தை அழிச்சிட்டு சூடோ -l அடியுங்கோ, உங்கட வரி அதில தெரிஞ்சாப் பிறகு மட்டும் ரூட் ஷெல்லை மூடுங்கோ.